பிடித்தம் சைபர்

1

விதி 14, உட்பிரிவு இ: "சலுகை வீதத்தை நீட்டிப்பது குறித்து நிர்வாகக் குழு உரிய தேதிக்குள் முடிவெடுக்கத் தவறினால், முடிவெடுக்கப்படும் வரை நடப்பில் உள்ள வீதமே தொடரும்; எந்த உறுப்பினரின் உரிமையும் இதனால் பாதிக்கப்படாது."

இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். நடுவில் இருக்கும் அரைப்புள்ளிகூட என்னுடையதுதான். இதைவிடத் தெளிவாக ஒரு விதியைத் தமிழில் எழுத முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விதி தெளிவாக இருப்பதற்கும் அது நடப்பதற்கும் நடுவில் ஒரு நிர்வாகக் குழு உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி கிடையாது என்று அங்கே பொறாமைப்படுவார்கள். உண்மைதான். அரசாங்கம் போடவில்லை என்பதற்காக நாங்களே ஒன்றைப் போட்டுக்கொண்டோம். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒப்பந்தக் கம்பெனியில் தமிழ் ஆட்கள் அதிகம். அபுதாபி ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுபவர்கள், வெல்டர்கள். துபாய் அல் குசைஸில் கிடங்கு ஆட்கள், டிரைவர்கள். கம்பெனி அனுமதியோடு எல்லோருக்கும் ஒரு நலநிதி. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பதிலுக்கு, வீட்டில் சாவு, சாகக் கிடப்பது போன்ற சமயங்களில் நிதியின் பரிந்துரைக் கடிதம் ஒன்று கிடைக்கும். அந்தக் கடிதம் இருந்தால் எந்தக் காலத்திலும் அவசர விடுப்பு உண்டு. டிக்கெட் அப்புறம்தான். கடிதம்தான் விஷயம்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் எழுதிய எந்த விதியும் என்னைக் காப்பாற்றாது.

கொரோனாவில் சம்பளம் குறைந்தபோது பிடித்தத்தைத் தற்காலிகமாகப் பாதியாக்கினோம். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இங்கே ஆயுள் கெட்டி. நானே மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு வந்தவன். சலுகையும் வருடா வருடம் நீண்டது. கடந்த செப்டம்பரோடு அது முடிய வேண்டும், அல்லது மறுபடி நீள வேண்டும்.

நீள வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

குழுவில் இரண்டு கோஷ்டி. ருவைஸ் கோஷ்டிக்குத் தலைமை சேகர், மன்னார்குடிக்காரர், ஸ்டோர் பொறுப்பாளர். குசைஸ் கோஷ்டிக்குத் தனபால், பொள்ளாச்சிக்காரர், வண்டிகளை அனுப்புகிறவர். ஊரில் இருவரும் எந்தெந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் அரசியல் பேசக் கூடாது, கரை வேட்டி கட்டிக்கொண்டு திரிய முடியாது. அதனால் அந்தக் காய்ச்சல் முழுவதும் நலநிதியில் இறங்கியது.

சேகர் தரப்பு: இரண்டு மாதம் மட்டும் நீட்டுவோம், மற்றதை அப்புறம் பேசுவோம். தனபால் தரப்பு: ஒரு வருடம் நீட்டு, ஆனால் ருவைஸிலிருந்து ஷார்ஜா ரோலாவுக்கு வாரம் ஒருமுறை நிதிச் செலவில் ஓடும் பஸ்ஸை நிறுத்து. பஸ் ருவைஸ்காரர்களின் உயிர். பாலைவனத்தின் அந்தக் கோடியில் இருப்பவனுக்கு ரோலாவில் ஒரு மசால் தோசையும் மனித முகங்களும் கிடைப்பது அதனால்தான். அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்கள். போட்ட பிறகு, எதிர்த் தரப்பு பிடித்தத்தை ஏற்றப் பார்க்கிறது என்று இருவரும் வாட்ஸப்பில் அறிக்கை விட்டார்கள்.

அமெரிக்காவில் ஒருமுறை இப்படித்தான். சம்பள வரிக் குறைப்பை நீட்ட வேண்டும் என்று இரண்டு கட்சிகளும் சொல்லிக்கொண்டே, இரண்டு மாதமா ஒரு வருடமா என்று முட்டிக்கொண்டு நின்றன. பேப்பரில் படித்துச் சிரித்தேன். அதைச் சிரிப்பதற்கான செய்தி என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அப்போது எனக்கு அவகாசம் இருந்தது.

ருவைஸில் கூட்டம் போட்டால் குசைஸ் ஆட்கள் வரவில்லை. குசைஸில் போட்டால் ருவைஸ் ஆட்கள் வரவில்லை. கோரத்துக்குத் தேவையான தலைகள் இல்லை, கூட்டம் இல்லை. இங்கு வருமுன் பரமக்குடியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கேயும் கோரம் சேராது. அரைமணி நேரம் ஒத்திவைத்து, அதே இடத்தில் மறுபடி கூடினால் வந்தவர்களே போதும் என்று விதி. உறுப்பினர்கள் எதிர் டீக்கடையில் நின்று அந்த அரைமணியைக் கழித்துவிட்டு, டீ கிளாஸைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அந்த விதியை இங்கேயும் சேர்த்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் இரு கோஷ்டியும் சேர்ந்து அதை நீக்கிவிட்டன. எதிராளி நம்மை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்திவிடுவானோ என்ற பயம். என் நினைவில் ஏகமனதாக நிறைவேறிய கடைசித் தீர்மானம் அதுதான்.

3

அக்டோபர் சம்பளம் வந்த அன்று ருவைஸ் கேம்ப்பிலிருந்து கண்ணப்பன் கூப்பிட்டார். சாரம் கட்டுபவர். கமுதிப் பக்கம். பரமக்குடியில் நான் இருந்த காலத்தை வைத்து என்னைப் பாதிச் சொந்தக்காரனாக ஆக்கிவைத்திருந்தவர்.

"சார், சீட்டைப் பாத்தீகளா? பிடித்தம் சைபர்."

"பாதியா?"

"பாதியெல்லாம் இல்ல சார், சைபர். முட்டை. சேகரண்ணன் சாதிச்சுட்டாருன்னு பயலுக கேசரி கிண்டிக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு ஒரு டப்பால குடுத்துவிடவா?"

அதே சாயங்காலம் குசைஸ் கேம்ப்பில் தனபாலுக்கு நன்றி சொல்லிப் பிரியாணி. இரண்டு தலைவர்களின் படத்தோடும் இரண்டு போஸ்டர்கள் என் போனுக்கு வந்தன. வாசகம் ஏறக்குறைய ஒன்று: பிடித்தத்தை அடியோடு ஒழித்த அண்ணனுக்கு நன்றி.

சம்பளக் கணக்கைப் பார்க்கும் வர்கீஸைக் கூப்பிட்டேன். திருச்சூர்க்காரர், நல்ல மனிதர், பயந்தவர்.

"சாரே, எந்த ரேட்ல பிடிக்கணும்னு எனக்குப் பேப்பர் இல்லா. பாதி பிடிச்சா ஒரு கூட்டம் சண்டைக்கு வரும், முழுசு பிடிச்சா ரெண்டு கூட்டமும் வரும். அதான் ஹோல்டில வச்சு."

"பதினாலு இ இருக்கே, வர்கீஸ்?"

"உண்டு சாரே. நல்ல ரூல். அந்த ரூல் இப்போ அப்ளை ஆகும்னு கமிட்டி ஒரு தீர்மானம் தரட்டும். ஞான் உடனே பிடிக்கும்."

குழு கூடாதபோது என்ன செய்வது என்பதற்கான விதியை அமல்படுத்த, குழு கூட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகங்களில் இருந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான முட்டுச்சந்தைப் பார்த்ததில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. விதி 9: தொடர்ந்து மூன்று மாதம் பிடித்தம் நடக்காவிட்டால் உறுப்பினர் உரிமை நின்றுபோகும். லீவில் போனால் கட்டாமல் இருந்துவிட்டு, காரியம் வரும்போது மட்டும் ஓடிவருகிறவர்களுக்காக வைத்தது. அதை வாட்ஸப் குழுவில் எடுத்துப் போட்டேன். டிசம்பர் சம்பளமும் சைபரில் வந்தால் ஒருவருக்கும் உரிமை இருக்காது, கேசரியை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று எழுதினேன். நாலைந்து கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்பினார். இன்னொருவர் எழுதினார்: "சார் ரிட்டயர் ஆயிட்டாரு, சாரோட ரூல்ஸ் இன்னும் ஆகல."

அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். கண்ணப்பனும் சிரித்திருந்தார். பார்த்தேன்.

4

டிசம்பரும் சைபர்.

தை பிறந்த வாரத்தில் கண்ணப்பனின் மனைவி பூமயிலை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாக ரத்தச் சுத்திகரிப்பில் இருந்தவர். இந்த முறை டாக்டர், வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ருவைஸில் அப்போது ஷட்டவுன் நேரம். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வாரங்கள். எல்லா லீவும் ரத்து. நிதியின் கடிதம் ஒன்றுக்குத்தான் அங்கேயும் மரியாதை. சைட் நிர்வாகி அரபியும் இந்தியும் கலந்து சொன்னாராம்: "லெட்டர் மாஃபி, லீவ் மாஃபி. லெட்டர் லாவ், கல் ஜாவ்." கடிதம் இல்லை என்றால் லீவு இல்லை, கொண்டுவந்தால் நாளைக்கே போ. மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு விதி.

டிக்கெட்டுக்கு ரூம்காரர்கள் அன்று ராத்திரிக்குள் பணம் சேர்த்துவிட்டார்கள். பறப்பது பிரச்சினை இல்லை. அனுமதி இல்லாமல் பறந்தால் ஓடிப்போனவன் என்று எழுதுவார்கள். வேலை போகும், இத்தனை வருடத்துப் பணிக்கொடைக்கு அலைய வேண்டும். பூமயிலின் ஆஸ்பத்திரிச் செலவு அந்தச் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"சார், அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. வர்றியா, வரலையா, ஒண்ணைச் சொல்லுங்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"கமிட்டியில் என்ன சொன்னார்கள்?"

"சேகரண்ணன் நாளைக்குன்னாரு. தனபாலண்ணனும் நாளைக்குன்னாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் சார் பேசுறாக. முடியாதுன்னாச்சும் ஒரு தாள் குடுக்கச் சொல்லுங்க சார். முடியாதுன்னு வந்துட்டா, வேலையாவது மயிராவதுன்னு போட்டுட்டு ஏறிருவேன். நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னா எப்படி சார் ஏறுறது?"

மறுப்பு என்று ஒன்று வந்திருந்தால் அவர் போயிருப்பார். மறுப்பதற்கும் தீர்மானம் வேண்டும்.

5

இருவரையும் ரோலாவில் ஒரு கஃபட்டேரியாவில் உட்காரவைத்தேன். சேகர் அந்தப் பஸ்ஸில்தான் வந்தார். தனபால் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு, அபராதம் போடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று டீ. வெளியே எக்ஸ்சேஞ்சு வாசலில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை.

"நீட்டிப்பை விடுங்கள். பஸ்ஸை விடுங்கள். கண்ணப்பனுக்கு ஒரு கடிதம். இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றேன். கடிதத்தை அடித்தே கொண்டுபோயிருந்தேன்.

"அதுக்கென்ன சார், மனுஷன் நிலைமை தெரியாதா" என்று சேகர் பேனாவை எடுத்துவிட்டார்.

தனபால் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "ஏனுங் சார், இதுல உறுப்பினர் கண்ணப்பன்னு போட்டிருக்குதுங்களே."

"உறுப்பினர்தானே?"

"மூணு மாசமா பிடித்தம் இல்லீங்களே. அவரு இன்னும் உறுப்பினர்னு நான் கையெழுத்துப் போட்டா, பழைய வீதம் தானா ஓடிட்டிருக்குதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. அப்புறம் ஒரு வருச நீட்டிப்பு எதுக்குன்னு இவிங்க கேப்பாங்க. பஸ்ஸும் தானா ஓடும்."

"சரி, உறுப்பினர் என்பதை அடித்துவிட்டு, மனிதாபிமான அடிப்படையில் என்று போடுவோம்."

இப்போது சேகர் பேனாவை மூடினார். "அது எப்படி சார்? உறுப்பினர் இல்லன்னு எழுதிக் குடுத்தா, உறுப்பினர் உரிமை போனதுக்கு நாங்கதான் காரணம்னு நாளைக்கே போஸ்டர் அடிப்பாரு."

"நான் அடிப்பனுங்களா? கேசரி கிண்டுனது யாருங்க?"

"பிரியாணி போட்டது யாரு?"

பக்கத்து மேஜையில் ஒரு பெஷாவர்க்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: "அந்தப் பெண் சாகக் கிடக்கிறாள்."

இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். வருத்தம் உண்மையானது. நான் அதைச் சந்தேகிக்கவில்லை. சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனபால், "பாவமுங்க" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்துவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் கொஞ்சம் இழுபறி. இரண்டு பேருமே கொடுக்கத் துடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோரம் இல்லை.

6

கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு விதி 14 இ-யை மேற்கோள் காட்டி நானே எழுதினேன். குழுவில் ஓட்டில்லாத ஆலோசகன் நான். எழுத உரிமை உண்டு, பதில் பெற உரிமை இல்லை. என் மகள் நித்யா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இங்கேயே பிறந்தவள். ஓய்வுக்குப் பிறகு அவள் விசாவில்தான் அல் குசைஸில் அவள் வீட்டில் இருக்கிறேன்.

"அப்பா, டூ லாங். யாரும் செகண்ட் பேரா தாண்ட மாட்டாங்க. எஸ்கலேட் பண்ணுங்க, சும்மா."

"யாரிடம்?"

கண்ணப்பனின் நிலைமையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள், மனசில்லாத பெண் இல்லை.

"டெய்லி வீடியோ கால் பண்றார்தானே? பாத்துட்டுதானே இருக்கார்?"

பார்ப்பது போதாது, போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். தமிழில் சொன்னால் பாட்டு வரி மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது. விட்டுவிட்டேன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கனடா விசா வந்திருக்கிறது. கோடைக்குள் கிளம்புவார்கள். எனக்கு ஒரு பெரிய திரை உள்ள போன் வாங்கி வைத்திருக்கிறாள்.

7

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும் என்பதால் நியாயமான விதி. நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணப்பன் காலையில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உயரத்தில் ஏறினார். சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது மகளிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "சார், லெட்டருக்கு இனி அலைய வேணாம்."

அடுத்த நாள் மயானத்திலிருந்து மச்சினன் போனைப் பிடித்துக் காட்டினார். கேம்ப் அறையில் ஆறு கட்டில், ஆறிலும் ஆட்கள். சிக்னல் நின்று நின்று வந்தது. கொள்ளி வைக்கிற நேரத்தில் படம் உறைந்துபோயிற்று. திரும்ப வந்தபோது புகை. கண்ணப்பன் திரையைத் துடைத்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

ராத்திரிக்குள் இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் வந்துவிட்டன. இரண்டிலும் பூமயிலின் படம் சிறியது.

அந்த ஞாயிறு ருவைஸ் கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் இரங்கல் கூட்டம். நானும் போனேன். இரங்கலுக்கு வராமல் இருந்தால் பேச்சாகிவிடும் என்பதால் குசைஸ் ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். ருவைஸ் ஆட்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். ஒரு நிமிட மௌனம். அது முடிந்து எல்லோரும் உட்காரும்போது யாரோ தலைகளை எண்ணிவிட்டார்கள்.

"சார்," என்று சேகர் என் காதருகே வந்தார், "கோரம் இருக்கு."

தனபாலும் எண்ணியிருந்தார். கண்ணப்பனை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தபடியே கூட்டம் நிர்வாகக் குழுக் கூட்டமாக மாறியது. ஆறு மாத நீட்டிப்பு. பஸ் மாதம் இருமுறை. விடுபட்ட மாதங்களுக்குப் பழைய வீதத்தில் பின்பிடித்தம். எந்த உறுப்பினரின் உரிமையும் பாதிக்கப்படவில்லை. கண்ணப்பனின் விடுப்புக்குப் பரிந்துரை. பத்து நிமிடம் ஆகியிருக்காது. வாக்கெடுப்பில் கண்ணப்பனும் கை தூக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கியதைப் பார்த்துத் தூக்கியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து அவரிடம் போனேன்.

"பதினாறாம் நாள் காரியத்துக்காச்சும் வாங்கப்பான்னு மக கேக்குறா சார். இப்ப லெட்டர் வந்துருமா?"

தீர்மானம் இன்றே எழுதப்படும், மொழிபெயர்க்கப்படும், முத்திரை வைத்து மனிதவளப் பிரிவுக்குப் போகும், அங்கே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். சொல்லும்போதே ஒவ்வொரு படியிலும் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் ஞாபகம் வந்தது. நாளைக்கு என்ற சொல்லை மட்டும் நான் பயன்படுத்தவில்லை. அவர் தலையாட்டினார். ஷட்டவுன் இன்னும் முடியவில்லை. விடிந்தால் டியூட்டி.

8

பதில் வந்தது. எனக்கும் நகல் அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது:

தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. குழுவின் தீர்மானம் ஏற்கப்படுகிறது. உறுப்பினர்களின் உரிமை இடைவெளியின்றித் தொடர்ந்து வந்ததாகக் கருதப்படும். மனைவியின் உடல்நிலையை முன்னிட்டுத் திரு. கண்ணப்பன் கோரிய அவசர விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. பயணத்துக்கு முன் நோயாளியின் தற்போதைய நிலை குறித்த மருத்துவச் சான்றைச் சமர்ப்பிக்கவும்.

அதில் பிழை எதுவும் இல்லை. கோரப்பட்ட நாளில் இருந்த காரணத்துக்குச் சரியான பதில். விதி 14 இ-யின் சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

தேதி பிப்ரவரி பதினொன்று. கமுதியில் அன்று பூமயிலுக்குப் பதினாறாம் நாள்.